இருபத்து நாலு டாக்டர்கள், நூற்று இருபது பொட்டுகள்: ஒரு பெங்களூர்ப் பயணம்

பெங்களூர்ப் பயணக் கட்டுரை என்றதும் லால்பாக் பூக்களையும் மசால் தோசையையும் தேடி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் போன இரண்டு நாளும் அந்த ஊரில் அதிக நேரம் பார்த்தது ஒரு சுவரைத்தான். சிற்றூரில் தனியாக ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருக்கும்போது யாராவது "பெங்களூரில் ஒரு பயிலரங்கம், வந்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டால் போகலாமா வேண்டாமா என்று தவிக்கும் டாக்டர்களுக்காகவும், அவர்களைக் கட்டிக்கொண்டு தவிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஜவ்வாது மலை அடிவாரத்தில் பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி. பக்கத்து டவுன் திருப்பத்தூர், இருபத்திரண்டு கிலோமீட்டர். பிரசவம், பாம்புக்கடி, பேரன் பரீட்சையில் பாஸாவானா என்ற கேள்வி, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் டாக்டர். என் கணவர் பாஸ்கர் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். கல்யாணமாகி நாலு வருஷம். மாதம் இரண்டு ஞாயிறு சந்திப்பது என்று ஒப்பந்தம். அதில் ஒரு ஞாயிறு எந்தக் குழந்தையாவது பிறந்து கெடுத்துவிடும்.

இந்த நிலைமையில் போன அக்டோபர், அதாவது 2008 அக்டோபரில், ஓர் அறக்கட்டளையிலிருந்து அழைப்பு வந்தது. கிராமத்துக் குடும்ப மருத்துவத்தில் முதலில் எதை ஆராய வேண்டும் என்பதைக் கிராமத்து டாக்டர்களே கூடி முடிவு செய்ய வேண்டுமாம். ஆளுக்கு ஒரு கேள்வியோடு வர வேண்டும். ஓட்டெடுப்பில் முதல் மூன்று இடம் பிடிக்கும் கேள்விகளை ஆராய்வார்கள். ஜெயித்த கேள்வி யாருடையதோ அவருடைய ஆஸ்பத்திரியில்தான் ஆராய்ச்சி. அதற்காக இரண்டு வருஷத்துக்கு இன்னொரு டாக்டரைச் சம்பளம் கொடுத்து அனுப்புவார்கள்.

இன்னொரு டாக்டர்! அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். ஆராய்ச்சி வளரட்டும், மருத்துவம் செழிக்கட்டும், எனக்கு வேண்டியது சனி ஞாயிறு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு ஜோலார்பேட்டையில் ரயில். பெங்களூர் கன்டோன்மென்ட் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம். வலது பக்க ஜன்னலில் வெயில் அடிக்கும், இடது பக்கம் பாருங்கள். பங்காருபேட்டையில் ஏறுகிற இட்லியை நம்பலாம், வடையை நம்ப வேண்டாம். நான் நம்பினேன்.

கன்டோன்மென்டில் இறங்கி அல்சூருக்கு ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஓட்டுநர் நீலசந்திராக்காரர், நம் தமிழ்தான். ஏரிப் பக்கம் பயிற்சி மையத்துக்குப் போகணும், டாக்டர்கள் கூட்டம் என்று நான் வாய்தவறிச் சொன்னதோடு சரி. முதல் சிக்னலில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், டாக்டரா நீங்க? இந்த முழங்கைய பாருங்களேன். மடக்கினா டக்குனு ஒரு சவுண்டு வருது."

இரண்டாவது சிக்னலில் நாக்கை நீட்டினார். மூன்றாவதில் மனைவிக்கு ராத்திரியில் கால் குடைச்சல் என்றார். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். "இருப்பா, டாக்டர்கிட்ட பேசினு இருக்கேன்ல" என்று அவர்களை அதட்டினார். இறங்கும்போது நான் மூன்று வியாதிக்கு வைத்தியம் சொல்லி முடித்திருந்தேன். அவர் மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்டார். பெங்களூரில் ஆட்டோவில் ஏறினால் நீங்கள் டீச்சர் என்று சொல்லிவிடுங்கள்.

பயிற்சி மையத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த ஹால் பாதி பூமிக்குள் இருந்தது. இருபத்து நாலு டாக்டர்கள். தமிழ்நாடு பாதி, கர்நாடகா கிட்டத்தட்ட பாதி, ஓரமாக இரண்டு ஆந்திராக்காரர்கள். நடத்த வந்தவர் காமத் என்பவர். சாப்ட்வேர் கம்பெனிகளில் மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், மருத்துவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் பாரபட்சமில்லாமல் நடத்துவார் என்று அறக்கட்டளையின் செயலாளர் சொன்னார். காமத் பேசியதெல்லாம் ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன்.

எங்கள் கேள்விகளைப் பெரிய தாள்களில் எழுதி நீள சுவர் முழுக்க ஒட்டினார்கள். என் கேள்வி: ரத்தக்கொதிப்பு மாத்திரையை 'நல்லாயிடுச்சு' என்று சொல்லி நிறுத்துகிறவர்கள் எத்தனையாவது மாதம் நிறுத்துகிறார்கள், யார் பேச்சைக் கேட்டு? என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டாக்டர் நாகரத்னா, சாம்ராஜ்நகர்ப் பக்கம், என் வயதுதான், தமிழும் கன்னடமும் கலந்து கட்டி அடிப்பார். அவர் கேள்வி: பாம்புக்கடிக்கு வருகிறவர்கள் கடித்த பாம்பையும் உயிரோடு பிடித்துக்கொண்டு வருவதை எப்படி நிறுத்துவது? போன வாரம் ஒன்று அவருடைய மேஜை டிராயருக்குள் போய்விட்டதாம். இன்னொருவர், ஊசி போடாமல் அனுப்பினால் நோயாளி அதே ஊசிக்காக எவ்வளவு தூரம் போகிறார் என்று கேட்டிருந்தார். ஒன்றுகூட சோடையில்லை. என் தாளை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

காமத் விதிகளைச் சொன்னார். ஆளுக்கு ஐந்து வட்ட ஸ்டிக்கர். பிடித்த கேள்விக்குக் கீழே ஒட்ட வேண்டும். ஒரு கேள்விக்கு ஒன்றுதான். சொந்தக் கேள்விக்கு ஒட்டக் கூடாது. மதிய சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டு. ஆர்டர் செய்த ஸ்டிக்கர் வந்து சேரவில்லை என்பதால் அல்சூர் பஜாரில் யாரோ ஓடிப்போய் மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்திருந்தார்கள். மீசை வைத்த பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் புறங்கையில் ஐந்து பொட்டு ஒட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

சாப்பாட்டு வரிசையில்தான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. சொந்தக் கேள்விக்கு ஒட்டக் கூடாது, சரி. அடுத்தவர் எனக்கு ஒட்டலாமே? நாகரத்னா பக்கம் சாய்ந்து, "நான் உங்க பாம்புக்கு ஒண்ணு வைக்கிறேன், நீங்க என் மாத்திரைக்கு ஒண்ணு வைங்க" என்றேன்.

"மொய் மாதிரியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "நம்மல்லியும் இருக்கு ரீ, முய்யி. வச்சா திருப்பி வச்சே ஆகணும். இல்லன்னா மூஞ்சில முழிக்க முடியாது."

பேச்சு முடிந்தது. ரசத்துக்கு ஒருவர், மோருக்கு ஒருவர் என்று இன்னும் நாலு பேரிடம் உடன்படிக்கை. ஐந்து பொட்டுக்கும் ஐந்து பொட்டு வரவு. இத்தனை சாமர்த்தியம் இந்த ஹாலில் வேறு யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது தடவை பாயசம் வாங்கினேன்.

மூன்று மணிக்கு ஓட்டு முடிந்தது. காமத் சுவர் ஓரமாக நடந்து எண்ணினார். கடைசி வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்து நாலு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பொட்டு. ஒன்றுகூட அதிகமில்லை, ஒன்றுகூடக் குறைவில்லை.

இருபத்து நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை பேருக்கும் அதே மகத்தான யோசனை வந்திருக்கிறது. அத்தனை பேரும் ஐந்து பேரோடு பேசி முடித்திருக்கிறோம். அதைவிடப் பெரிய கொடுமை, அத்தனை பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறோம். ஒரே ஒருவர் ஏமாற்றியிருந்தால்கூட ஒரு முடிவு கிடைத்திருக்கும்.

"பதினைந்து வருஷமாக இந்த ஓட்டை நடத்துகிறேன். இப்படி நேர்மையாகக் கள்ள ஓட்டுப் போட்டவர்களைப் பார்த்ததில்லை" என்றார் காமத். மறுநாள் காலை மறு ஓட்டு, அதுவரை யாரும் யாரோடும் கேள்விகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி இருபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பஸ் மாறி, இரண்டு மணி பத்து நிமிஷம் ஆனது. ஓசூர் ரோட்டில் மேம்பாலம் கட்டுகிறார்கள். அது முடிந்தால் பதினைந்து நிமிஷத்தில் பறந்துவிடலாம் என்று பாஸ்கர் நாலு மாதமாகச் சொல்கிறார். அதுவரை சில்க் போர்டு பக்கம் மாலை ஐந்துக்கு மேல் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலும் பொறுமையும் எடுத்துப் போங்கள்.

அபார்ட்மென்ட் வாசலில் புது வாட்ச்மேன். நோட்டை நீட்டி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். என் புருஷனை என்றேன். நம்பாமல் இன்டர்காமில் கூப்பிட்டு, "சார், உங்களுக்கு ஒரு விசிட்டர்" என்று சொன்னார். வந்த காரணம் என்ற இடத்தில் 'பர்சனல்' என்று அவரே எழுதிக்கொண்டார். பாஸ்கர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குளியலறையில் என் துண்டு எங்கே என்று தேடும்போது எனக்கென்று அங்கே ஒரு துண்டுகூட இல்லை என்பது தெரிந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை. விருந்தாளிக்குக் கொடுக்கும் புதுத் துண்டைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

"ஜெயிச்சிருவியா செல்வி?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"அஞ்சு பொட்டு வாங்கியிருக்கேன்."

"அட, நல்லதுதானே?"

"எல்லாரும் அஞ்சுதாங்க வாங்கியிருக்காங்க."

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் காமத் கதவைச் சாத்தினார். அரை மணி நேரம் யாரும் பேசாமல், வெளியே போகாமல், சுவரைப் படித்து யோசிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஓட்டு என்றார். நல்ல விதிதான். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. பாதாள ஹாலில் செல்போன் சிக்னல் கிடையாது. அந்த வளாகம் முழுவதிலும் சிக்னல் நன்றாகக் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில், கேட்டுப் பக்கம் செக்யூரிட்டியின் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அருகில். முதல் நாள் முழுக்க ஒவ்வோர் இடைவேளையிலும் நாங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றோம். பாவம், அந்த செக்யூரிட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

பத்து நிமிஷம் தாங்கினோம். முதலில் ஓர் ஆந்திராக்காரர் பாத்ரூம் என்று சைகை காட்டிவிட்டு எழுந்தார். அடுத்து இரண்டு பேர். ஒன்பதே முக்காலுக்கு ஹாலில் காமத் ஒருவர்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

கேட்டுப் பக்கம் சந்தை மாதிரி இரைச்சல். "ஜுரம் எவ்வளவு?" "டிரிப் ஏறுதா?" "மகு அளுத்தா இதியா?", அதாவது குழந்தை அழுகிறதா என்று, மூன்று மொழியில் ஒரே பேச்சு. நானும் எங்கள் சிஸ்டர் ரோசம்மாவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் எனக்கு இருக்கும் ஒரே கை அவர்தான்.

"நேத்து கூட்டம் எப்படி, சிஸ்டர்?"

"நெறைய பேரு வந்தாங்க மேடம். நீங்க ஊர்ல இல்லன்னு சொன்னதும் பாதிப் பேருக்குச் சரியாயிடுச்சு. மிச்சப் பேரு திருப்பத்தூர் போய்ட்டாங்க."

இது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததைக் காட்டிக்கொள்ளாமல், அப்படியா, நல்லது என்றேன். ரோசம்மா போனை வைக்காமல் இழுத்தார்.

"ஒருத்தர் மட்டும் போகல மேடம். மலை மேல காளியப்பன். நேத்து மத்தியானம் வந்தாரு. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, மூச்சு வாங்குது. ஜீப்பு வச்சுத் தரேன்னேன், மாட்டேங்கறாரு. டாக்டரம்மா வரட்டும்னு வராண்டாவுலயே உக்காந்துட்டாரு. சொன்னா நீங்க கவலப்படுவீங்கன்னு..."

காளியப்பனுக்கு இதயம் பலவீனம். மூன்று வருஷமாக என் மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறார். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"யம்மா, நீ வா. நான் குந்திக்கினு இருக்கேன், ஒண்ணும் அவசரமில்ல" என்றார், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு.

"நான் பெங்களூர்ல இருக்கேன்! இப்பவே ஜீப்புல ஏறு!"

"அங்க போனா எவனெவனோ கைய வைப்பான். நீ வந்தாத்தான்."

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தம் அல்சூர் ஏரியின் மறுகரை வரை கேட்டிருக்கும். ஏறவில்லை என்றால் இனிமேல் உன் முகத்தில் விழிக்க மாட்டேன், உன் பெண்டாட்டியிடம் சொல்லி பீடி வாங்கக் காசில்லாமல் செய்வேன் என்றெல்லாம் கத்தினேன். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் போனை வைத்தேன். திரும்பினால் மற்ற டாக்டர்கள் அத்தனை பேரும் தங்கள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் காமத், ஓட்டுப்போட ஆள் தேடி வந்தவர்.

"யார் அது?" என்றார்.

"அவங்க பேஷன்ட். வேற டாக்டர்கிட்ட போகமாட்டேன்னு சாகக் கெடக்கறாரு" என்றார் நாகரத்னா. "எல்லா ஊர்லயும் ஒருத்தர் இப்படி உக்காந்திருப்பாங்க சார். என் ஊர்ல யாருன்னு எனக்கே தெரியாது. ஒன்பது வருஷமா நான் ரெண்டு நாள் சேர்ந்தாப்ல வெளிய போனதே இல்ல."

"தனி டாக்டர் ஊரில் இல்லாதபோது நோயாளிகள் என்ன செய்கிறார்கள்?" என்று காமத் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "இது சுவரில் இல்லையே?"

இல்லைதான். இருபத்து நாலு கேள்வியிலும் நாங்கள் ஊரிலேயேதான் இருந்தோம். அவரே உள்ளே போய் ஒரு தாளில் அதை எழுதி ஒட்டினார். அதற்கு நாங்கள் இருபத்து நாலு பேரும் ஆளுக்கு ஒரு பொட்டு வைத்தோம். மொய் இல்லை, பேச்சு இல்லை. மீதிப் பொட்டுகளில் நாகரத்னாவின் பாம்பு இரண்டாவது இடம், ஊசி மூன்றாவது இடம். என் மாத்திரைக் கேள்விக்கு மூன்று பொட்டு. போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது புதுச் சிக்கல். முதல் இடம் பிடித்த கேள்வியின் சொந்தக்காரர் காமத். அவருக்கு ஆஸ்பத்திரியும் கிடையாது, நாடி எந்தக் கையில் பார்ப்பது என்றும் தெரியாது. செயலாளர் யோசித்துவிட்டு, விருப்பமுள்ள யாருடைய ஆஸ்பத்திரியிலும் நடத்தலாம் என்றார். இரண்டாவது டாக்டர் வருவார். ஒரே நிபந்தனை, இரண்டு வருஷமும் சனி ஞாயிறுகளில் பழைய டாக்டர் ஊரில் இருக்கக் கூடாது. போனிலும் பேசக் கூடாது. அப்போதுதான் நோயாளிகள் என்ன செய்கிறார்கள் என்று தெரியும். சம்மதம் என்றால் கை தூக்குங்கள்.

நம்புங்கள், ஒரு கைகூட எழவில்லை. லீவு இல்லை, தூக்கம் இல்லை, பெண்டாட்டி பிள்ளை முகம் மறந்துபோச்சு என்று இரண்டு நாளாகப் புலம்பித் தீர்த்த கூட்டம், லீவைத் தட்டில் வைத்து நீட்டியதும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டது. என் கையும் மடியிலேயேதான் கிடந்தது. போனிலும் பேசக் கூடாதா? அடுத்த காளியப்பனை யார் ஜீப்பில் ஏற்றுவது?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை வராண்டாவில் உட்கார வைத்தது நான்தான். 'டாக்டரம்மா வந்தால்தான்' என்று ஊர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது! இன்றைக்கு நான் பெங்களூரில் இருக்கிறேன், நாளைக்கு எனக்கே காய்ச்சல் வரலாம். என்னை மட்டும் நம்பி உட்காருகிற பழக்கம் ஒரு நாள் அவரைக் கொன்றுவிடும். கை தூக்கினேன். தூக்கும்போது அழுகை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று மாலை ரயிலுக்கு வழியனுப்ப வருவதாகச் சொன்ன பாஸ்கர் சில்க் போர்டில் மாட்டிக்கொண்டு, வண்டி நகர்ந்த பிறகு பிளாட்பாரத்தில் ஓடி வந்தார். "ஜனவரியிலேருந்து எல்லா சனிக்கிழமையும்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். "என்ன?" என்று கேட்டுக்கொண்டே சிறுத்துப் போனார். காளியப்பனைத் திருப்பத்தூரில் சேர்த்திருந்தார்கள். இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

போகிறவர்களுக்கு: கன்டோன்மென்டில் இறங்குங்கள், சிட்டி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வராதீர்கள். அல்சூர் பக்கம் தங்கினால் ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கலாம், நான் நடக்கவில்லை, நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்வெட்டர் வேண்டும். பயிலரங்கம் என்றால் சிக்னல் கிடைக்கும் இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். உங்கள் ஊரில் யார் உங்களுக்காக உட்கார்ந்திருப்பார் என்பதைக் கிளம்புவதற்கு முன்னால் யோசித்து, அவரைக் கையோடு பக்கத்து டாக்டரிடம் அறிமுகம் செய்துவிட்டு வாருங்கள். ஓட்டுக்கு முன்னால் யாரிடமும் பேரம் பேசாதீர்கள், எல்லாரும் நல்லவர்களாக இருந்து தொலைப்பார்கள்.

ஜனவரியில் புது டாக்டர் வந்தார். சின்னப் பையன், பெயர் பிரபு, மலையாட்கள் பேச்சு பாதிதான் புரிகிறது. முதல் சனி ஞாயிறு நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் போனை அணைத்துவிட்டு, அணைத்த போனையே பார்த்துக்கொண்டு கழித்தேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததும், யார் யார் என்னைக் கேட்டார்கள் என்றுதான் ரோசம்மாவிடம் கேட்டேன்.

"காளியப்பன் சனிக்கிழமை வந்தாரு மேடம். டாக்டரம்மா இல்லன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம் நேரா உள்ள போயி பிரபு சார்கிட்ட கால நீட்டினாரு."

"என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரே. அம்மா எங்க போயிருக்குதுன்னாரு. வீட்டுக்காரரப் பாக்கப் போயிருக்காங்கன்னேன். 'அப்ப மெதுவா வரட்டும்'னு சொல்லிட்டு மாத்திரைய வாங்கிக்கினு போய்ட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷ வைத்தியம், ஒரே வாரத்தில் மெதுவா வரட்டுமாம். ரோசம்மாவிடம் எரிந்து விழுந்தேன், பிரபுவிடம் காரணமில்லாமல் சிடுசிடுத்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ரயில் ஏறிவிட்டேன்.